பப்பாளிப் பழத்து நூல்

வாழைப்பழத்தையும் ஸ்பிரிட்டையும் ஒரே பையிலயா வச்சிருக்கீய? இல்ல, வாடை அடிச்சுது, அதான் கேட்டேன். ஊசி போடுததுக்கு முன்னால பஞ்சுல தொட்டுத் தேய்ப்பாங்கல்லா, அந்த வாடை எங்க இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். டி.என்.ஏ. எடுத்துக் காட்டப் போறீயளோ? நெனச்சேன். பத்தாங்கிளாஸுக்குச் சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸா? நானும் பயாலஜி டீச்சர்தான் தாயி. பேரு செண்பகவடிவு. இருபத்தாறு வருசம் சர்வீஸு.

பழம் கடையில வாங்குனதுதான? நல்லதாப் போச்சு. எப்பவும் கடையிலயே வாங்குங்க. பிள்ளைகள வீட்டுல இருந்து கொண்டு வரச் சொல்லாதீய. ஏன்னு கேக்கீயளா? கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். பஸ்ஸு ஆலடிக்குளம் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

ஆலடிக்குளம் ஸ்கூல்ல இருக்கும்போது நான் ஒரு சட்டம் வச்சிருந்தேன். செய்முறைக்கு எதையும் கடையில வாங்கக் கூடாது. அவங்கவங்க வீட்டுல, தோட்டத்துல என்ன காய்க்கோ அதக் கொண்டாரணும். அப்பதான் பாடம் வீட்டுக்குள்ள போவும்னு சொல்லுவேன். எங்க எச்.எம். ஞானசிகாமணி சார் இத ரெண்டு மீட்டிங்குல சொல்லிப் பெருமப்பட்டாரு, செண்பகவடிவு டீச்சரப் பாத்துப் படிங்கன்னு. பாடம் வீட்டுக்குள்ள போச்சு தாயி. நல்லாவே போச்சு.

மூணு வருசம் இருக்கும். நாளைக்குப் பழம் கொண்டாராதவங்க கிளாஸுக்கு வெளிய நிக்கணும்னு சொல்லியிருந்தேன். சும்மா மெரட்டுனது. நான் யாரையும் வெளிய நிறுத்துத ஆளு கிடையாது, கேட்டுப் பாருங்க. மறுநாள் ஒருத்தன் கொய்யா கொண்டாந்தான், கல்லு மாதிரி. ஒருத்தி சப்போட்டா. பாதிப் பேரு நாட்டு வாழ. முப்பிடாதின்னு ஒரு பிள்ள, கடைசி பெஞ்சு, நாம கேட்டாத்தான் வாயத் தெறக்கும். அது அவங்க அய்யா துண்டுல சுத்தி ஒரு பப்பாளி கொண்டாந்துச்சு. துண்ட அவுத்ததும் கிளாஸ் பூரா மணம். அப்படி ஒரு பழுப்பு. "ஏட்டி, இவ்வளவு நல்ல மரத்த வச்சிக்கிட்டு ஒரு நாளாவது டீச்சருக்கு ஒரு பழம் தந்திருக்கியா?"ன்னு கேலி பண்ணேன். அது சிரிக்கல. நாப்பத்திரெண்டு பிள்ளைகள்ல ஒண்ணு சிரிக்கலன்னா அதக் கவனிச்சிக்கிட்டா இருக்க முடியும்?

நீங்க எப்படிச் செய்வீய? அதேதான். பழத்தப் பெசஞ்சு, உப்பு, பாத்திரம் கழுவுத சோப்பு, கொஞ்சம் தண்ணி. வேட்டித் துணியில வடிகட்டி, கிளாஸச் சாய்ச்சுப் பிடிச்சிக்கிட்டு, நல்லா சில்லுன்னு இருக்க ஸ்பிரிட்ட ஓரமா ஊத்தணும். அவசரப்பட்டா எல்லாம் கலங்கிப் போவும். கொய்யாவுல ஒண்ணும் வரல. வாழப்பழத்துல ஏதோ மேகம் மாதிரி வந்துச்சு. பப்பாளியில வந்தது பாருங்க, அம்மாடி, இருபத்தாறு வருசத்துல நான் அப்படிப் பாத்ததில்ல. வெள்ள வெளேர்னு நூலு, கீழ இருந்து மெதுவா எந்திரிச்சு வருது. தூங்கி முழிச்ச பிள்ள எந்திரிச்சு வாரது மாதிரி. ஈர்க்குச்சிய விட்டு ஒரு சுத்து சுத்துனேன், அப்படியே ஒட்டிக்கிட்டு மேல வந்துச்சு. பிள்ளைக எல்லாம் கையத் தட்டிருச்சு.

அந்த இடத்துலதான் என் வாயி சும்மா இருக்கல. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. "பிள்ளைகளா, நல்லாப் பாத்துக்கோங்க. இந்த மரம் எந்த மண்ணுல நின்னுச்சு, எதத் தின்னு வளந்துச்சு, எல்லாம் இந்த நூலுக்குள்ள எழுதியிருக்கு. மரம் பட்டுப் போனாலும் இது அழியாது"ன்னுட்டேன்.

தப்புதான். மரம் தின்னது எதுவும் டி.என்.ஏ.யில ஏறாது, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்த வெள்ளையில பாதி டி.என்.ஏ.யும் கிடையாது, வேற கசடுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது தாயி. பிள்ளைக வாயப் பொளந்து பாக்கும்போது நாலு வார்த்த கூடத்தான் வரும். நீங்க புதுசு, போகப் போகத் தெரியும்.

எல்லாம் முடிஞ்சு மிச்சப் பழத்தையெல்லாம் நறுக்கி, சீனி போட்டுக் கலந்து ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்தேன். வீணாக்குதது எனக்குப் பிடிக்காது. எச்.எம். சார் கூட ரெண்டு துண்டு பப்பாளி கேட்டு வாங்கித் தின்னுட்டு, தேனாட்டம் இருக்குன்னாரு. நான் நாலு துண்டு தின்னேன். முப்பிடாதி மட்டும் கைய நீட்டல. கூச்சமாக்கும்னு நெனச்சு, "உன் வீட்டுப் பழம்தானட்டி, வாயத் தெற"ன்னு நானே ஊட்டி விட்டேன். அது கண்ண மூடிக்கிட்டு முழுங்குச்சு. மருந்து முழுங்குதது மாதிரி. எனக்கு அந்த மொகம்... சவத்த விடுங்க.

மறுநாள் காலையில அவ அம்மா வந்தா. பிரம்மசக்தின்னு பேரு. நூறு நாள் வேலைக்குப் போறவ, ஒல்லியா, நெட்டையா இருப்பா. லேப் வாசல்ல வந்து தரையில உக்காந்துக்கிட்டா. ஸ்டூல் போட்டாலும் உக்காரல. நான் அட்டண்டன்ஸ் பத்தி ஏதோன்னு நெனச்சேன். மெதுவாத்தான் சொன்னா. அந்தப் பப்பாளிய அவங்க வீட்டுல யாரும் பறிக்க மாட்டாங்களாம். காக்காவும் அணிலும்தான் திங்கும். முப்பிடாதிக்குக் கீழ ஒரு பையன் இருந்திருக்கான். கொம்பையா. ரெண்டர வயசு. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைய எரிக்க மாட்டாங்கல்லா, தோட்டத்து மூலையிலயே புதைச்சிருக்காங்க. 

"நாங்க நடல டீச்சர். பதினாறு கழிஞ்சு போய்ப் பாத்தா, அவன் தலமாட்டுல ரெண்டு எல நிக்கி"ங்கா.

அந்தப் பழத்துலதான் நான் நாலு துண்டு தின்னிருக்கேன்லா. அறிவியல்படி ஒண்ணும் கிடையாது. மண்ணுல போன எல்லாமே உரம்தான், நாம திங்க சோறும் அப்படித்தான். எனக்குப் பேயி பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது, முன்னாலயே சொல்லிருதேன். ஆனா அன்னையில இருந்து பப்பாளிய நான் தொடுததில்ல. அது சூடு, ஒத்துக்கிடாது.

"பிள்ளையக் கோவிச்சிக்கிடாதீய டீச்சர், வெளிய நிக்கணுமேன்னு பறிச்சிருக்கு"ன்னா. நான் கோவிச்சிக்கிடவா? அப்புறம் கேட்டா, "முப்பிடாதி சொன்னா, மரம் தின்னது எல்லாம் அந்த நூலுல இருக்கும்னு நீங்க சொன்னீயளாம். அப்பம் எங்க கொம்பையா அதுல இருக்கானா டீச்சர்?"

அந்த நேரத்துல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீங்களா இருந்தா சொல்லியிருப்பீய. முந்தானைய ரெண்டு கையாலயும் விரிச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா தாயி, எதையோ வாங்கிட்டுப் போகத் தயாரா. "அதக் குடுத்திருங்க, நான் கொண்டுட்டுப் போறேன்"ங்கா. எதக் குடுக்க? முந்தின நாளே கிளாஸெல்லாம் கழுவிக் கவுத்தியாச்சு. கழுவி ஊத்திட்டோம்னு சொன்னா, மிச்சப் பழம் எங்கன்னு அடுத்த கேள்வி வரும். நாப்பத்திரெண்டு பிள்ளைகளும் எச்.எம்.மும் நானும் தின்னுட்டோம்னு சொல்லணும். எச்.எம். சார் வேற வாசல்ல எட்டிப் பாத்துட்டு, "எதுக்கு டீச்சர் பிரச்சன, கேக்கதக் குடுத்து அனுப்பிருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. 

"பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கு, சாவி வீட்டுல இருக்கு, நாளைக்கு வாங்க"ன்னேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வண்டிக்காரன்ட்ட ஒரு பப்பாளி வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். ஆமா, கடையில வாங்குனதுதான். என் சட்டத்த நானே மீறுனது அன்னைக்கு ஒரு நாள்தான். அடுக்களையில வச்சு எல்லாம் செஞ்சேன். நல்லாவே வந்துச்சு. அத ஒரு சின்னத் தேன் பாட்டில்ல ஸ்பிரிட்டு ஊத்தி அதுக்குள்ள விட்டேன். ஒரு தாய் மனசு ஆறும்னா செஞ்சா என்ன? சாமி படத்த வச்சிக் கும்பிடுதோம், அது சாமியா?

மறுநாள் வந்து வாங்குனா. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. நெஞ்சோட சேத்து வச்சிக்கிட்டா. அப்புறம், "மூடியில ஓட்ட போடணுமா டீச்சர்?"னு கேட்டா. எதுக்குன்னேன். "மூச்சு விட"ங்கா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஓட்ட போட்டா ஸ்பிரிட்டு ஆவியாப் போயிரும், இறுக்கி மூடி வையுங்கன்னேன். அப்படியும் குறையத்தான செய்யும்? மாசத்துக்கு ஒருக்கா கொண்டாங்க, நான் ஊத்தித் தாரேன்னு நானேதான் சொன்னேன். அவ கேக்கவே இல்ல.

அதுக்கப்புறம் அந்தப் பொம்பள எப்படித் தேறுனா தெரியுமா? அதுவரைக்கும் வேல விட்டு வந்து அந்த மரத்தடியிலயே கெடப்பாளாம், ஒழுங்காச் சோறு திங்க மாட்டாளாம். பாட்டில் வீட்டுக்குப் போன பிறகு தலையில பூ வச்சா. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனா. டாக்டரு மாத்திரையில நடக்காதத நான் நடத்திக் காட்டுனேன். மாசாமாசம் வருவா. "மெலிஞ்சிட்டான் டீச்சர்"ம்பா. ஸ்பிரிட்டுல கெடந்தா நூலு சுருங்கத்தான் செய்யும். நான் புதுசா ஊத்திக் குலுக்கிக் காட்டுவேன். கொஞ்சம் விரிஞ்சு ஆடும். "அன்னா, சிரிக்கான்"ம்பா. நானும் அவனத் தூக்கி வெளிச்சத்துல... அதத் தூக்கி வெளிச்சத்துல காட்டுவேன்.

இதுவரைக்கும் என் மேல என்ன தப்பு, சொல்லுங்க?

அடுத்த வருசம் நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தாங்க. அவங்க தோட்டம் பாதி போவுது, அந்த மூலையும் சேத்து. மொதல்ல கல்லு நட வந்தப்ப பிரம்மசக்தி மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாளாம், போலீசு வந்துதான் பிரிச்சு விட்டுச்சாம். ஆபீசருக்கே மனசு கேக்கல. பத்து நாள் தாரோம், பிள்ளையத் தோண்டி எடுத்து மிச்ச இடத்துல வச்சிக்கிடுங்கன்னு சொல்லியிருக்காரு. அவ புருசனும் அதான் சரின்னுருக்காரு. 

மூணாவது நாளு அவ என்ட்ட வந்தா. மாசம் ஆவல, ஆனாலும் பாட்டிலு கையில இருக்கு. "மரம் போனா இது வாடிப் போவுமா டீச்சர்?"ங்கா. வாடாதுன்னேன். அதுல பொய் இல்ல. அப்புறம் தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "முப்பிடாதி அய்யா தோண்டி எடுக்கணும்ங்காரு. அவன நான் சட்டையெல்லாம் போட்டு, பவுடர் பூசி வச்சேன் டீச்சர். இப்பம் எப்படி இருப்பானோ. எனக்கு அதப் பாக்கத் தெம்பில்ல. தோண்டாம விட்டிரட்டுமா? இதுல எல்லாம் இருக்குல்லா? நீங்க சொல்லுங்க. நீங்க இருக்குன்னா நான் இடத்தக் குடுக்கக் கையெழுத்துப் போட்டிருதேன்."

என்னையே பாக்கா.

நான் யோசிக்கவே இல்லன்னு நெனைக்காதீய. யோசிச்சேன். உண்மையச் சொன்னா ரெண்டு தடவ பிள்ளையப் பறிகுடுப்பா. தோண்டுனா எலும்பப் பாக்கணும். எதுக்கு ஒரு தாய் அதப் பாக்கணும்? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"இருக்கு"ன்னேன்.

பொக்லைன் வந்த அன்னைக்கு அவ அங்க நிக்கல. ஸ்கூலுக்கு வந்து லேப் வாசல்ல உக்காந்துக்கிட்டா. அரை கிலோமீட்டரு தூரம், சத்தம் நல்லாவே கேக்கும். பாட்டில மடியில வச்சு முந்தானையால பொத்திக்கிட்டா, "இவனுக்குச் சத்தம் ஆவாது"ன்னு. நான் எட்டாங்கிளாஸுக்கு ஒளிச்சேர்க்கை எடுத்துக்கிட்டு இருந்தேன். அதுல என்ன சொன்னேன்னு இன்னைக்கும் ஒரு வரி ஞாபகம் இல்ல. சத்தம் நின்னதும் எந்திரிச்சா, என்னப் பாத்துக் கும்பிட்டா, போயிட்டா.

அப்புறம் நான் மாறுதல் கேட்டு வாங்கிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த ஊரு காத்து எனக்கு ஒத்துக்கல, மூட்டு வலி. ஆனா சொன்ன வாக்கு வாக்குதான். மாசாமாசம் ரெண்டாம் சனிக்கிழம இந்த பஸ் ஏறி ஸ்பிரிட்டு கொண்டுட்டுப் போறேன். இதோட பதினாலு மாசம் ஆச்சு.

போன மாசம் முப்பிடாதி என்னத் தேடி வீட்டுக்கு வந்துச்சு. ப்ளஸ் டூ முடிச்சு, நர்சிங் கெடச்சிருக்கு, ஹாஸ்டலுக்குப் போவுது. பெரிய மனுசியாட்டம் ஆயிருச்சு. ஆசீர்வாதம் வாங்க வந்திருக்குன்னு நெனச்சேன். காப்பி போட்டுக் குடுத்தேன், குடிச்சிச்சு. டம்ளரக் கழுவி வச்சிட்டு, அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்லுது, "அன்னைக்கு லேப்புல கிளாஸெல்லாம் கழுவி ஊத்துனது நான்தான் டீச்சர்."

மூணு வருசம். அவ அம்மா பாட்டிலோட வரும்போதெல்லாம் இந்தப் பிள்ள பக்கத்துலதான் நிக்கும். ஒரு நாள் ஒரு வார்த்த?

"ஏட்டி, உனக்குத் தெரியும்னா அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"ன்னேன். கோவமாத்தான் கேட்டேன். கோவம் வராதா?

"அம்ம பூ வச்சா டீச்சர். அதான் சொல்லல"ன்னுது. "ஆனா ரோட்டுக்காரங்க குடுத்த அந்தப் பத்து நாளுல நீங்க சொல்லிருவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லல. ஒம்பதாம் நாளு நானே அம்மட்ட சொன்னேன். அது நம்ம தம்பி இல்லம்மா, கடப் பழம், வா தோண்டி எடுப்போம்னு சொன்னேன். கன்னத்துல ஒரு அறை விட்டா. ஒரு டீச்சரு பொய் சொல்லுவாங்களாட்டின்னா."

அவ்வளவுதான் சொல்லிச்சு. என்னத் திட்டக் கூட இல்ல. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். செருப்ப மாட்டிக்கிட்டு, "இனிமே மாசாமாசம் நான் இருக்க மாட்டேன், அம்மயப் பாத்துக்கிடுங்க"ன்னுட்டுப் போயிருச்சு.

இன்னைக்கு எப்படியும் சொல்லிருதேன்னு நெனச்சுத்தான் காலையில கிளம்புனேன். போன மாசமும் அப்படித்தான் கிளம்புனேன். என்னன்னு ஆரம்பிக்க? சொன்னா இப்பம் எங்க போய்த் தோண்ட? 

இன்னா வந்திருச்சு. அந்தத் தகரக் கூரை போட்ட பஸ் ஸ்டாப்பு தெரியுதா? அதான். அன்னா நிக்கா பாருங்க, ஊதாச் சேல. எப்பவும் பஸ் வாரதுக்கு முன்னாலயே வந்து நின்னுருவா. பாட்டிலத் தூக்கி என்னக் காட்டுதா அவன்ட்ட, பாத்தீயளா? ரோட்டு வேல முடிஞ்ச பிறகு இந்த ஸ்டாப்ப அவங்க தோட்டத்து மூலையிலதான் கட்டுனாங்க தாயி. பிள்ளையக் கால்கீழ வச்சிக்கிட்டு, வண்டிக்காரன் பப்பாளியக் கொஞ்சிக்கிட்டு நிக்கா.

சிரிக்கா வேற. கொஞ்சம் வழி விடுங்க, நான் இறங்கணும்.